கிரேடு மூன்று என்றால் அடுத்த வருடம் நான்கா?

"டாக்டர், அம்மாவுக்கு கிரேடு மூணாம். நாலு ஆக இன்னும் எத்தனை வருஷம்? ஆபரேஷனுக்கு இப்பவே பணம் சேர்க்கணுமா?"

முழங்கால் மூட்டுத் தேய்மானத்தைப் பற்றிய இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை. இந்த வாரம் கேட்டவர் மகன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சில மாதங்களுக்கு முன்னால் ஏதோ இலவச மூட்டு முகாமில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "ரெண்டு வருஷம்தான் தாங்கும், நடையைக் குறைச்சுக்கோங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து கோயில் இல்லை, மாடி இல்லை, கடைக்குக்கூட மருமகள்தான் போகிறார். இப்போது எடை கூடிவிட்டது, தொடைத் தசை தொளதொளவென்று தொங்குகிறது. புதிதாக எடுத்த எக்ஸ்ரேயில் மூட்டு பழையபடியேதான் இருக்கிறது. ஆனால் அந்த அம்மாவால் கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. மூட்டு செய்யாததை அந்த ஒரு வாக்கியம் செய்துவிட்டது.

இந்த கிரேடு விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் 1957-இல் எக்ஸ்ரே படங்களை 0 முதல் 4 வரை பிரித்து வைத்தார்கள். எலும்பு முள் வளர்ந்திருக்கிறதா, எலும்புகளுக்கு நடுவே இடைவெளி குறைந்திருக்கிறதா என்று பார்த்துப் போடும் எண் அது. இதுவரை நடந்ததைத்தான் சொல்லும், இனி நடக்கப்போவதைச் சொல்லாது. மூன்றாம் வகுப்பு முடித்த பிள்ளை ஜூன் மாதம் நான்காம் வகுப்பில் உட்காருவது போல கிரேடு வருடா வருடம் ஏறுவதில்லை. பல வருடங்களாக அதே மூன்றில் நின்றுகொண்டு வயல் வேலைக்குப் போகிறவர்களையும் பார்க்கிறேன். கிரேடு ஒன்றில் வந்து, குறுகிய காலத்தில் மளமளவென்று மோசமானவர்களையும் பார்க்கிறேன்.

வலிக்கும் கிரேடுக்கும்கூடச் சரியான பொருத்தம் கிடையாது. படம் பயங்கரமாக இருக்கும், ஆள் மாடிப்படி ஏறித்தான் என் அறைக்கு வந்திருப்பார். படம் சுத்தமாக இருக்கும், ஆள் வலியில் தூங்கியிருக்க மாட்டார். அப்படியிருக்க, ஒரே ஒரு படத்தை வைத்து "ரெண்டு வருஷம்" என்று எப்படிச் சொல்கிறார்கள்?

அதுவும் அந்தப் படம் பெரும்பாலும் படுக்க வைத்து எடுத்தது. முழங்கால் இடைவெளியைப் பார்க்க வேண்டுமென்றால் நிற்க வைத்துத்தான் எடுக்க வேண்டும். போன வருடம் படுத்து எடுத்த படத்தையும் இந்த வருடம் நின்று எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்து "ஒரே வருஷத்துல இவ்வளவு தேய்ஞ்சு போச்சு" என்று பயமுறுத்தும் ரிப்போர்ட்டுகள் என்னிடம் நிறைய வருகின்றன. எக்ஸ்ரே எடுக்கும் தம்பிகளே, சீட்டில் "நின்ற நிலையில்" என்று நாங்கள் எழுதுவது அழகுக்காக இல்லை.

சரி, எதை வைத்துத்தான் ஊகிப்பது? முதலில் காலின் வளைவு. முழங்கால் வெளிப்பக்கமாக வில் போல வளைந்திருந்தால் உள்பக்க மூட்டில் பாரம் ஏறும். 2001-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 18 மாதம் தொடர்ந்து பார்த்தபோது, இப்படி வளைந்த கால்களில் உள்பக்கத் தேய்மானம் கூடும் வாய்ப்பு சுமார் 4 மடங்காக இருந்தது. அப்புறம் உடல் எடை, பழைய அடி, அடிக்கடி நீர் கோத்து வீங்குவது. எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் மெனிஸ்கஸ் (முழங்கால் எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் ஜவ்வு) இடத்தை விட்டுப் பிதுங்கியிருக்கிறதா, குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பில் பாதிப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன்.

இத்தனையும் தெரிந்தாலும், "உங்களுக்கு இந்த வருடம் இப்படி ஆகும்" என்று ஒருவரிடம் என்னால் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2004-இல் தொடங்கி 4,796 பேரின் முழங்கால்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து படம் எடுத்தார்கள். அந்தத் தரவை வைத்துக் கணினி மாதிரிகள் நிறைய வந்துவிட்டன. ஒரு கூட்டத்தில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று அவை ஓரளவு பிரித்துக் காட்டும். தனி ஒருவருக்குத் தேதி குறிக்க அவற்றாலும் ஆகாது. அதே ஆய்வில் இருந்தவர்களில், மூட்டுத் தேய்மானம் இருந்தும் உடற்பயிற்சியாக நடந்தவர்களுக்கு அடிக்கடி வரும் முழங்கால் வலி புதிதாகத் தொடங்குவது குறைவாக இருந்தது என்று 2022-இல் எழுதினார்கள். நடந்தால் தேயும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

உண்மையிலேயே நாள் கடத்தக் கூடாத ஒன்று இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். நடுவயதைத் தாண்டிய பெண், படி இறங்கும்போதோ தரையிலிருந்து எழும்போதோ முழங்காலின் பின்பக்கம் 'டப்' என்று ஒரு சத்தம், சுருக்கென்று வலி, அதற்குப் பிறகு நடையே மாறிவிடும். எக்ஸ்ரே நன்றாகத்தான் இருக்கும். தைலமும் முட்டி உறையும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பல நேரம் அது மெனிஸ்கஸின் வேர், அதாவது அது எலும்போடு ஒட்டியிருக்கும் இடம், பிய்ந்ததாக இருக்கும். விட்டுவிட்டால் மூட்டு வேகமாகக் கெடும் என்று கொஞ்சம் துணிந்து சொல்லக்கூடிய இடம் இதுதான். சீக்கிரம் வந்தால், மூட்டு ஏற்கெனவே ரொம்பக் கெட்டிருக்காவிட்டால், தைத்துச் சரிசெய்யலாம். அந்த 'டப்' சத்தம் நினைவிருந்தால் தயவுசெய்து மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்துவிடலாம்.

ஊசிகளைப் பற்றி. தேய்மானத்தை நிறுத்தும் மருந்து என்று அங்கீகரிக்கப்பட்டது இன்றைக்கு எதுவும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு: அதையே 2 வருடம் செய்து பார்த்த ஆய்வு 2017-இல் வந்தது. வெறும் உப்புநீர் ஊசியைவிட வலி குறையவில்லை, குருத்தெலும்புதான் கூடுதலாக மெலிந்தது. தாங்க முடியாத வீக்கத்துக்கு எப்போதாவது ஒன்று போடுவதில் தவறில்லை, அதை மாதச் சந்தா ஆக்காதீர்கள். நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துப் போடும் பிளாஸ்மா ஊசியையும் 2021-இல் உப்புநீருக்கு எதிரே வைத்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து வலியிலும் வித்தியாசம் இல்லை, குருத்தெலும்பிலும் இல்லை. நகையை அடகு வைத்து அதைப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

செய்ய வேண்டியது சலிப்பூட்டும் விஷயங்கள்தான். எடையைக் குறையுங்கள். உடலில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் 4 கிலோ பாரம் குறைகிறது. நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள், முதலில் கை ஊன்றித்தான் முடியும், பரவாயில்லை. தினமும் நடங்கள். நடந்த வலி மறுநாளும் குறையாமல் இருந்தால் தூரத்தைக் குறையுங்கள், நடப்பதை நிறுத்தாதீர்கள். கைத்தடி பிடிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். சம்மணம் போட்டால் வலிக்கிறதா, போடாதீர்கள். வலிக்கவில்லையா, உட்காருங்கள், ஆனால் மணிக்கணக்கில் வேண்டாம். குந்தி உட்காரும் வேலைகளைக் குறையுங்கள். எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காகவே வருடா வருடம் எக்ஸ்ரே எடுக்காதீர்கள்.

மூட்டு மாற்று அறுவை எப்போது என்றால், இத்தனையும் ஒழுங்காகச் செய்த பிறகும் வலி உங்கள் தூக்கத்தையும் நடமாட்டத்தையும் கெடுக்கும்போது. கிரேடு நான்கு என்பதற்காக மட்டும் யாரும் மேசையில் ஏற வேண்டியதில்லை. அறுவை செய்கிறவன்தான் சொல்கிறேன்.

முழங்கால் திடீரென்று சிவந்து வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அது வேறு விஷயம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றவர்கள் வரும்போது பழைய எக்ஸ்ரே ஃபிலிம்களை எடுத்து வாருங்கள். வாட்ஸ்அப்பில் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த போட்டோ போதாது, ஃபிலிமே வேண்டும்.