750 வாட் என்று போட்டிருந்தால் போதுமா?

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள் பிராசஸரையும் கிராஃபிக்ஸ் கார்டையும் அலசி ஆராய்ந்து வாங்குவார்கள். பவர் சப்ளைக்கு மட்டும் கடைசியில் மிஞ்சுகிற காசுதான். பிறகு கேம் ஆடும்போது சிஸ்டம் பட்டென்று அணைந்தால் பழி விண்டோஸ் மேல் விழும்.

எஸ்.எம்.பி.எஸ். என்ற அந்த இரும்புப் பெட்டி, சுவர் பிளக்கில் வரும் ஏசி மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் டிசியாக மாற்றித் தருகிறது. இன்றைய கம்ப்யூட்டர் தின்பது பெரும்பாலும் 12 வோல்ட்டைத்தான். பிராசஸர் ஓடுவது சுமார் ஒரு வோல்ட்டில் என்றாலும், மதர்போர்டு அதை 12 வோல்ட்டிலிருந்துதான் இறக்கிக் கொடுக்கிறது. எனவே அட்டையில் பெரிதாக அச்சிட்ட வாட்டை விடுங்கள். பெட்டியின் பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்ப் என்று பாருங்கள். 500 வாட் என்று விற்கும் பெட்டியில் அங்கே 30 ஆம்ப்தான் இருந்தால், 30 × 12 = 360 வாட். உங்களுக்கு உதவப்போவது அவ்வளவுதான். நல்ல தயாரிப்புகளில் 12 வோல்ட்டிலேயே கிட்டத்தட்ட முழு வாட்டும் கிடைக்கும். 12 வோல்ட் இரண்டு வரிகளாகப் பிரிந்திருந்தால் ஆம்ப்களைக் கூட்டிவிடாதீர்கள், இரண்டுக்கும் சேர்த்த உச்ச வாட்டை லேபிளிலேயே தனியாகப் போட்டிருப்பார்கள்.

அடுத்தது கணக்கு. இன்டெல் கோர் ஐ9-13900கே பிராசஸரின் அடிப்படை மின்தேவை 125 வாட். முழு வேகத்தில் அது 253 வாட் வரை போகும். கூட்டலில் இரண்டாவது எண்ணைத்தான் எடுக்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3080 கார்டுக்கு 320 வாட். மதர்போர்டு, ரேம், ஃபேன், டிஸ்க் எல்லாவற்றுக்கும் ஒரு 60 வாட் வைத்தால் மொத்தம் 633. 650 வாட் போதும் என்று தோன்றும். போதாது.

கிராஃபிக்ஸ் கார்டின் 320 வாட் என்பது சராசரி. மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரத்துக்கு அது திடீரென்று அதைவிட மிக அதிகமாக இழுக்கும். அந்தத் துள்ளலைப் பவர் சப்ளையின் பாதுகாப்புச் சர்க்யூட் ஆபத்து என்று எடுத்துக்கொண்டால், உடனே மொத்தத்தையும் அணைத்துவிடும். மேலே சொன்ன பட்டென்று அணைகிற கதைகளில் பல இதுதான். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, பெரிய கார்டுகளுக்கான பவர் சப்ளைகள் 100 மைக்ரோசெகண்டுக்கு இருமடங்கு சுமையைத் தாங்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான். மேற்படி சிஸ்டத்துக்கு நான் 850 வாட் போடுவேன். 1200 போட்டாலும் கரண்ட் பில் அவ்வளவாக ஏறாது. கம்ப்யூட்டர் கேட்பதைத்தான் பவர் சப்ளை கொடுக்கும். காசுதான் வீண்.

‘80 பிளஸ்’ முத்திரையையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது சொல்வது, இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வெப்பமாக வீணாகாமல் உள்ளே போகிறது என்பதை. 400 வாட் கொடுக்க, 80 சதவீதத் திறனுள்ளது சுவரிலிருந்து 500 வாட் இழுக்கும். 90 சதவீதத் திறனுள்ளது சுமார் 444. அந்த முத்திரையின் உயர் தரங்களில் ஒன்றான ‘கோல்டு’ இருப்பதால் பாதுகாப்புச் சர்க்யூட்டும் தரமாக இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

பழைய மாடுலர் (கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய) பவர் சப்ளையைக் கழற்றிப் புதியதை மாட்டும்போது கேபிள்களையும் மாற்றிவிடுங்கள். கேபிளைப் பவர் சப்ளையில் செருகும் முனையில் எந்த ‘பின்’னில் (pin) எந்த வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. பழைய கேபிள் புதியதில் கச்சிதமாகப் பொருந்திவிடக்கூடும். 5 வோல்ட் போக வேண்டிய பின்னில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க் எரிந்துவிடலாம்.