பாலைக் காய்ச்சும் முன் தீவன மூட்டையைப் பாருங்கள்

மழைக்காலத்தில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் மாட்டுக் கொட்டகைக்குப் போனால், கால்நடை மருத்துவனான நான் முதலில் பார்ப்பது தீவன மூட்டைகளைத்தான். சுவரோடு சுவராக, வெறும் சிமெண்டுத் தரையில் அடுக்கியிருப்பார்கள். அடி மூட்டையைத் தூக்கினால் சாக்கு ஈரத்தில் ஊறிப் பிய்ந்து வரும். உள்ளே கடலைப் புண்ணாக்கு கட்டி பிடித்திருக்கும்; உடைத்தால் பச்சையும் மஞ்சளுமாகப் பூசணம்.

"பூத்ததைக் கழித்துவிட்டு, மிச்சத்தைக் காய வைத்துத்தானே போடுகிறேன் டாக்டர்?"

இந்தச் சிக்கனம்தான் வம்பு. காய வைத்தால் பூசணம் வளர்வது நிற்கும். அது ஏற்கெனவே உமிழ்ந்த நஞ்சு அப்படியே இருக்கும். அஃப்ளாடாக்சின் பி1 என்ற அந்த நஞ்சை மாட்டின் கல்லீரல் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற இன்னொரு நஞ்சாக மாற்றுகிறது. தின்றதில் நூற்றுக்கு ஒன்று முதல் ஆறு பங்கு வரை பாலில் இறங்கிவிடும். காலையில் தின்ற தீவனத்தின் நஞ்சு மறுநாள் கறவைக்குள் வந்துவிடும். மாடு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். பாலின் நிறமோ மணமோ மாறாது. எத்தனை முறை பொங்கக் காய்ச்சினாலும் போகாது. பாக்கெட் பாலின் பதப்படுத்தலுக்கும் இது அசையாது.

2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. எம்1 வரம்பை மீறியவை 368. அதில் தமிழ்நாட்டின் பங்கு 88; மாநிலங்களில் நமக்குத்தான் முதலிடம். தண்ணீர் கலந்த பாலுக்குச் சண்டை போடும் நாம் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. இங்கே வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பாவில் அதில் பத்தில் ஒன்று. கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் நஞ்சுக்கு ஐரோப்பாவின் இந்தக் கண்டிப்பு அதிகமில்லை. உடல் எடைக்கு அதிகமாகப் பால் குடிப்பவர்கள் குழந்தைகள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தயிரானாலும் நஞ்சு தங்கும். பாலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் பன்னீரிலும் சீஸிலும் செறிவு இன்னும் கூடும். கொழுப்போடு சேராததால் நெய்யில் மிகக் குறைவு.

"ஊட்டிக் குளிரில் பூசணம் எங்கே பிடிக்கும்?" என்பவர்களும் உண்டு. இந்தப் பூஞ்சைக்கு 25 முதல் 35 டிகிரி வெப்பம்தான் பிடிக்கும் என்பது உண்மையே. ஆனால் கடலையும் மக்காச்சோளமும் பருத்திக்கொட்டையும் மலையிலா விளைகின்றன? சமவெளியில், வயலிலும் கிடங்கிலும் நஞ்சேறிய சரக்கு லாரியில் மேலே வருகிறது. அதனால் பூசணம் கண்ணில் படாத தீவனமும் சுத்தம் என்று சொல்ல முடியாது. நம் பங்குக்கு நாம் ஈரத்தைச் சேர்க்கிறோம்.

மழை மாதங்களில் மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். முதலில் வந்த மூட்டை முதலில் தீரட்டும். ஈரக் கையோடு தீவனம் அள்ளாதீர்கள். நஞ்சை வயிற்றிலேயே பிடித்துவைக்கும் களிமண் வகைப் பொடிகள் உண்டு. மருத்துவரைக் கேட்டுக் கொடுக்கலாம். அவை கெட்ட தீவனத்தை நல்லதாக்கிவிடாது.

தீவனத்தை மாற்றினால் மூன்று நான்கு நாளில் பால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கழித்த புண்ணாக்கைக் கோழிக்கோ வாத்துக்கோ போட்டுவிடாதீர்கள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தபோதுதான் இந்த நஞ்சே கண்டுபிடிக்கப்பட்டது. அவை தின்றதும் கடலைப் புண்ணாக்குத்தான். கழித்ததைக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.