முதலாளித்துவமா, முதலாளியமா? ஆடம் ஸ்மித் அறியாத ஒரு சொல்

ஆடம் ஸ்மித்தைப் பொருளியலின் தந்தை என்கிறோம், சரி. கூடவே முதலாளித்துவத்தின் தந்தை என்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம், அங்கேதான் இடிக்கிறது. அவர் இறந்தது 1790-இல். முதலாளித்துவத்துக்கு மூலமான ‘கேப்பிட்டலிசம்’ என்ற சொல் ஐரோப்பாவில் இன்றைய பொருளுக்கு வந்ததே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான்.

லத்தீனில் ‘கபுட்’ என்றால் தலை. மூலதனத்தைக் குறிக்கும் ‘கேப்பிட்டல்’, மாடுகளைக் குறிக்கும் ‘கேட்டில்’ என்ற ஆங்கிலச் சொற்கள் இரண்டுக்கும் வேர் அதுதான். பணம் போட்டுத் தொழில் நடத்துபவரை ‘கேப்பிட்டலிஸ்ட்’ என்று சொல்லும் வழக்கம் முன்பே இருந்தது, பிரான்சில் பொருளியலாளர் துர்கோ 1766-இல் எழுதிய நூலிலேயே இருக்கிறது. ஆனால் ‘கேப்பிட்டலிசம்’ என்று ஒரு முழு அமைப்புக்கே பெயர் வைத்தவர்கள் பெரும்பாலும் அதை எதிர்த்தவர்கள். சிலர் மட்டும் மூலதனத்தைக் கைப்பற்றிக்கொண்டு மற்றவர்களை வெளியே நிறுத்துவது என்ற பொருளில் பிரெஞ்சு சோசலிசவாதி லூயி பிளாங்க் 1850-இல் அதை எழுதினார். மார்க்ஸ்கூட ‘கேப்பிட்டலிசம்’ என்ற தனிச் சொல்லைவிட ‘முதலாளித்துவ உற்பத்தி முறை’ என்றுதான் அதிகம் எழுதினார். 1902-இல் ஜெர்மானியப் பொருளியலாளர் வெர்னர் சோம்பார்ட்டின் நூல் வந்த பிறகே இது கல்விப்புலச் சொல்லாக நிலைபெற்றது.

தமிழில் ‘முதல்’ மிகப் பழைய சொல். “முதலிலார்க்கு ஊதியம் இல்லை” என்கிறது குறள் (449). முதல் போடாதவருக்கு இலாபம் இல்லை என்று பொருள். அங்கே ஊதியம் என்றால் இலாபம், இன்று நமக்கு அது சம்பளம். கூலி வேறு, இலாபம் வேறு, வாரம் (நில வாடகை) வேறு என்று ஸ்மித் மெனக்கெட்டுப் பிரித்துக் காட்டியதைத் தமிழில் எழுதும்போது இந்தப் பொருள் மாற்றத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கைமுதல், போட்ட முதல், முதலுக்கே மோசம் என்று இன்றும் கடைத்தெருவில் புழங்கும் சொல்தான் இது. ‘மூலதனம்’ அதற்கு வடமொழி வழி வந்த இணை.

முதலோடு ‘ஆளி’ சேர்ந்தால் முதலாளி. அதோடு வடமொழி விகுதியான ‘துவம்’ சேர்ந்து முதலாளித்துவம், தமிழ் விகுதி சேர்ந்து முதலாளியம். எனக்குப் பிடித்தது முதலாளியம்தான். ஆனால் இரண்டுக்குமே ஒரு குறை உண்டு. ஐரோப்பியச் சொல் மூலதனத்திலிருந்து பிறந்தது, நம் சொல் ஆளிலிருந்து பிறந்தது. டீக்கடைக்காரரையும் நாம் முதலாளி என்றுதான் கூப்பிடுகிறோம். அதனால் இந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு அமைப்பு நினைவுக்கு வருவதில்லை, பணக்கார மனிதர் ஒருவர்தான் வருகிறார். ‘முதலியம்’ என்றால் கணக்குச் சரியாக வரும், ஆனால் பெரிதாக வழக்கில் இல்லை.

சரி, ஸ்மித் என்னதான் சொன்னார்? 1776-இல் வந்த ‘நாடுகளின் செல்வம்’ நூலில் அவர் ஆதரித்ததற்கு அவர் வைத்த பெயர் ‘இயல்பான சுதந்திர முறை’. ‘கண்ணுக்குத் தெரியாத கை’ அந்தப் பெரிய நூலில் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. அதுவும் வணிகர்கள் பாதுகாப்பு கருதித் தங்கள் முதலை உள்நாட்டிலேயே போட விரும்புவதைப் பற்றிய இடத்தில். சந்தை எல்லாவற்றையும் சரிசெய்யும் என்ற பொதுத் தத்துவமாக அது பரவியது பின்னாளில். அதில் 1948-இல் வந்த அமெரிக்கப் பொருளியலாளர் பால் சாமுவேல்சனின் பாடநூலுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே நூலில் வணிகர்களைப் பற்றி அவர் எழுதியவை எவ்வளவு கடுமையானவை தெரியுமா? கூலியை உயரவிடாமல் வைக்க எஜமானர்கள் எப்போதும், எங்கும் ஓசையில்லாமல் கூடிப் பேசி வைத்திருக்கிறார்கள் என்கிறார். வணிகர் கூட்டம் ஒரு சட்டத்தைக் கேட்டால் மிகுந்த சந்தேகத்தோடு அலசிப் பார்க்காமல் ஏற்காதீர்கள், மக்களை ஏமாற்றுவதிலும் ஒடுக்குவதிலும் அவர்களுக்கு ஆதாயம் இருக்கிறது என்கிறார். வளமான மண்ணிருந்தும் வங்காளத்தில் ஒரே ஆண்டில் மூன்று, நான்கு லட்சம் பேர் பட்டினியால் சாகும் நிலையைச் சொல்லி, அங்கே அடக்கியாளும் வணிகக் கம்பெனியைச் சாடுகிறார். கிழக்கிந்தியக் கம்பெனியைத் திட்டியவரை வரம்பில்லாக் கம்பெனி ஆட்சிக்குச் சாட்சியாக நிறுத்துவது பெரிய அநியாயம்.

இங்கிலாந்து வங்கி 2007-இல் வெளியிட்ட 20 பவுண்டு நோட்டில் ஸ்மித்தின் முகமும் பக்கத்தில் குண்டூசித் தொழிற்கூடமும் இருந்தன. பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டு ஒரு நாளில் 48,000 ஊசி செய்கிறார்கள் என்ற அந்த உதாரணம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ‘நாடுகளின் செல்வம்’ நூலின் ஐந்தாம் பகுதியில், வாழ்நாள் முழுக்க ஒரே வேலையைச் செய்பவரின் அறிவு மழுங்கிப்போகிறது, ஏழைக் குழந்தைகளின் கல்விக்கு அரசு முன்வர வேண்டும் என்று அவரே எழுதியதை எத்தனை பேர் சொல்கிறோம்?

ஸ்மித்துக்குப் பின் வந்த ஆங்கிலப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ கதையும் கிட்டத்தட்ட இதேதான். தடையில்லா வாணிபத்துக்கு அவரை மேற்கோள் காட்டுவார்கள். 1821-இல் தன் நூலின் மூன்றாம் பதிப்பில் இயந்திரம் பற்றி ஒரு அதிகாரம் சேர்த்து, அது தொழிலாளர்களுக்குப் பல நேரங்களில் கேடாகலாம் என்று தன் முந்தைய கருத்தை மாற்றிக்கொண்டதை விட்டுவிடுவார்கள்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. வரலாற்றாசிரியர் எம்மா ராத்ஸ்சைல்டு, பொருளியலாளர் அமர்த்தியா சென் போன்றவர்கள் ஸ்மித்தை அவர் காலத்தில் வைத்து, 1759-இல் அவர் எழுதிய அறவியல் நூலையும் சேர்த்துப் படிக்கிறார்கள். தமிழில் எழுதும் நாமும் ஸ்மித்தின் வாசகங்களுக்குள் ‘முதலாளித்துவம்’ என்று போடாமல் ‘வணிகச் சமூகம்’, ‘இயல்பான சுதந்திர முறை’ என்று அவர் சொன்னபடியே எழுதலாம். முதலாளியம் என்ற சொல்லை அவருக்குப் பின் வந்த ஆலைகளின் காலத்துக்கும், அதை அலசியவர்களின் எழுத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.