அலகு–இறகு நோய்: ஒரு ‘பாசிட்டிவ்’ தாளை வைத்துக் கிளியைக் கைவிடாதீர்கள்

கோலாலம்பூரில் கிளி வளர்ப்பவர்கள் பலர், கிளிகளின் அலகையும் இறகையும் கெடுக்கும் இந்த வைரஸ் நோய்க்கான பி.சி.ஆர். (வைரசின் மரபணுவைத் தேடும் சோதனை) முடிவுத் தாளோடு பதறிப்போய் வருகிறார்கள். தாளைப் பார்ப்பதற்கு முன் நாங்கள் பார்ப்பது கிளியின் தலையை. தன் இறகைத் தானே பிடுங்கும் கிளிக்குத் தலை எட்டாது. உடம்பு மொட்டையாகித் தலை மட்டும் செழிப்பாக இருந்தால், பெரும்பாலும் அது பிடுங்கும் பழக்கம். தலை இறகும் கெட்டிருந்தால்தான் அலகு–இறகு நோய் என்ற சந்தேகம் வலுக்கும். முளைக்கும் இறகு குட்டையாக, உறை கழலாமல், அடியில் நெரித்ததுபோல், தண்டுக்குள் உறைந்த இரத்தத்தோடு இருக்கும். வெள்ளைக் காக்கட்டூவின் கரிய அலகில் எப்போதும் மாவு படிந்திருக்க வேண்டும்; அது பளபளத்தால், மாவு தரும் இறகுகள் செத்துக்கொண்டிருக்கலாம்.

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக் குஞ்சில் இவை எதுவும் தெரியாமலே போகலாம். சோர்வு, கழுத்தடித் தீனிப்பை காலியாகாமை, சில நாளில் மரணம். வைரசைத் தாங்கும் வெள்ளணுக்கள் சரிந்துவிடுவதால் இரத்தத்தில் ‘நெகட்டிவ்’ என்றும் வரும். இறந்த குஞ்சை ஃப்ரீசரில் வைக்காதீர்கள், திசுக்கள் சிதைந்துவிடும். ஐஸ் பெட்டியில் அன்றே கொண்டு வாருங்கள். ஈரல், எலும்பு மஜ்ஜை இரண்டையும் சோதிக்கலாம்.

மாதிரி எடுப்பதில்தான் அதிகம் கோளாறு. கூண்டின் அடியில் விழுந்த இறகு உதவாது. புதிதாக முளைக்கும் மூன்று நான்கு இறகுகளை வேரோடு எடுக்க வேண்டும். பக்கத்துக் கிளியின் தூசி ஒட்டியிருந்தாலும் இறகு ‘பாசிட்டிவ்’ காட்டும். அதனால் கூடவே இரத்தமும் தேவை. நகத்தை வெட்டி இரத்தம் எடுத்தால் எச்சமும் தூசியும் கலக்கும். இரத்தக்குழாயிலிருந்து எடுத்து, இ.டி.டி.ஏ. (இரத்தம் உறையாமல் காக்கும் பொருள்) உள்ள குழாயில் போடச் சொல்லுங்கள். உறையாமல் காக்கும் இன்னொரு பொருளான ஹெப்பாரின், பி.சி.ஆர். வினையையே தடுக்கக்கூடும்.

அறிகுறி இல்லாத கிளிக்கு ‘பாசிட்டிவ்’ வந்தால் தனியறையில் வைத்து, 90 நாள் கழித்து மறுபடி சோதியுங்கள். நெகட்டிவானால் உடல் வைரசை வென்றுவிட்டது எனலாம். மீண்டும் பாசிட்டிவானால் தொற்று நிலைத்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். அறிகுறியும் இருந்தால் குணப்படுத்தும் மருந்து இல்லை; இருப்பதாக விற்பவரை நம்பாதீர்கள். பட்ஜி எனும் சிறு கிளிகளில் பாலியோமா என்ற வேறொரு வைரசும் இறகை இதேபோல் கெடுக்கும் என்பதால் இரண்டு சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள்.

அந்த 90 நாளில் சுத்தம் தவறினால் மறுசோதனைக்கே பொருளில்லை. வெளியே கொழுப்பு உறை இல்லாத வைரஸ் இது. அதனால் வழக்கமான தரை கழுவும் திரவத்துக்கு எளிதில் மசியாது. தூசியைத் துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத்துணியால் எடுங்கள். சோப்பால் எச்சம் நீக்கி, லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் விர்கான் (கிருமிநாசினித் தூள்) கரைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். அதுவரை கிளி வேறு அறையில் இருக்கட்டும்.