டிரெய்லரின் வாலில் தொங்கும் நூறு கிலோ

விடுமுறைக் காலத்தில் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் கார்கள் இழுத்துப் போகும் கேம்பிங் டிரெய்லர்களின், அதாவது உள்ளே தங்கும் வசதியுள்ள வண்டிகளின், பின்பக்கத்தைப் பாருங்கள். ஆங்கிள் இரும்பை வெட்டி, வீட்டிலேயே வெல்டிங் வைத்த ஒரு தட்டு தொங்கும். அதன்மேல் ஜெனரேட்டர், பெட்ரோல் கேன், இரண்டு சைக்கிள், விறகுக் கட்டு. சிலர் தட்டுக்கு அடியில் ஒற்றைச் சக்கரம் பொருத்தியிருப்பார்கள். சிலர் குட்டி டிரெய்லர் ஒன்றையே பின்னால் கோத்திருப்பார்கள். தட்டு பெரும்பாலும் உறுதியாகத்தான் இருக்கும். அது எதைப் பிடித்துத் தொங்குகிறது, அதன் பாரம் எங்கே போய் இறங்குகிறது என்ற இரண்டு கேள்விகளைத்தான் செய்தவர்கள் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றிப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். டிரெய்லரிலும் அச்சுதான் நெம்புகோலின் தாங்குபுள்ளி. காரின் பின்னால் டிரெய்லரின் மூக்கை மாட்டும் ஹிட்ச் பந்துதான் நுகத்தடி. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அந்தப் பந்தின்மேல் அழுந்த வேண்டும் என்பது அமெரிக்காவில் எல்லோரும் பின்பற்றும் அளவு.

ஓர் உதாரணம். டிரெய்லர் 2,300 கிலோ, பந்தின்மேல் 276 கிலோ, அதாவது 12 சதவீதம். பந்திலிருந்து அச்சு வரை 5 மீட்டர். அச்சுக்கு 3.5 மீட்டர் பின்னால் 100 கிலோவை மாட்டுகிறோம். 100 ஐ 3.5 ஆல் பெருக்கி 5 ஆல் வகுத்தால் 70. பந்தின்மேல் இருந்த பாரத்தில் அந்த 70 கிலோ குறைந்து 206 ஆகிவிடுகிறது. மொத்த எடையோ 2,400 ஆகிவிட்டது. விகிதம் 8.6 சதவீதம். பாதுகாப்பான எல்லைக்குக் கீழே வந்துவிட்டோம்.

முன்பக்கம் 70 கிலோ தண்ணீரோ சாமானோ ஏற்றிச் சரிக்கட்டிவிடலாமே என்று தோன்றும். பாதிதான் சரியாகும். டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கினால் அதை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதைத் தீர்மானிப்பது எடையும் தூரத்தின் வர்க்கமும் சேர்ந்த பெருக்கம். அச்சிலிருந்து அரை மீட்டரில் வைத்த 100 கிலோவுக்கு அந்த மதிப்பு 25. அதே 100 கிலோ 3.5 மீட்டர் தள்ளி இருந்தால் 1,225, அதாவது 49 மடங்கு. முனைகளில் பாரம் ஏற ஏற, ஒரு லாரி கடந்து போகும் காற்றில் தொடங்கும் ஆட்டம் அடங்க நேரம் பிடிக்கும். அதை அடக்குவது டயர்கள். டயர் தரும் அந்த அடக்கும் விசை வேகம் ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் மணிக்கு 80 கிலோமீட்டரில் ஒழுங்காக வந்த வண்டி 105 ஐத் தொட்டதும் வாலை ஆட்டுகிறது. அப்போது காரின் பிரேக்கை மிதிக்கவே கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் ஓட்டுநர் பக்கத்திலுள்ள அதன் கட்டுப்பாட்டுக் கருவியில் கையால் இயக்க வேண்டும்.

அடுத்து பம்பர். டிரெய்லரின் பின்னால் உள்ள 4 அங்குலச் சதுரக் குழாயைப் பார்த்தால் எதையும் தாங்கும் என்றுதான் தோன்றும். உண்மையில் அது கழிவுநீர்க் குழாயைச் சுருட்டி வைக்கும் உறை. பல மாடல்களில் தகடு 2 மில்லிமீட்டரைத் தாண்டாது. ஈரக் குழாயை உள்ளே வைத்து வைத்து உட்புறம் துருவும் ஏறியிருக்கும். யூ போல்ட் போட்டுத் தட்டை அதில் மாட்டி, பாரத்தின் மையம் அரை மீட்டர் தள்ளி இருந்தால், 100 கிலோவுக்கு ஏறத்தாழ 490 நியூட்டன் மீட்டர் முறுக்கு. பள்ளத்தில் விழுந்து எழும்போது அது இரண்டு மூன்று மடங்காகும். குழாய் அப்படியே இருக்கும். இரு முனைகளிலும் ஃபிரேமோடு, அதாவது டிரெய்லரின் அடிச்சட்டத்தோடு, சேரும் வெல்டிங்தான் முதலில் விரிசல் விடும். விரிசல் கீழ்ப்பக்கமோ உட்பக்கமோ தொடங்குவதால் படுத்துப் பார்த்தால் ஒழியத் தெரியாது.

சரியான வழி, பம்பரை மறந்துவிட்டு ஃபிரேமைப் பிடிப்பது. இரண்டு ஃபிரேம் பட்டைகளுக்கும் குறுக்கே பின்னால் ஒரு குழாய், அதற்கு 1 மீட்டர் முன்னால் இன்னொன்று. இரண்டையும் இணைத்து நடுவில், தட்டின் தண்டைச் செருக, 6 மில்லிமீட்டர் தகட்டில் செய்த 2 அங்குல ரிசீவர் குழாய். பின் குறுக்குக் குழாயிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி 100 கிலோ இருந்தால், பின் குழாயில் 160 கிலோ கீழ்நோக்கியும் முன் குழாயில் 60 கிலோ மேல்நோக்கியும் விழும். முறுக்கு என்பதே இல்லாமல் நேர் விசையாகப் பிரிந்துவிடுகிறது. ஃபிரேமின் கீழ்ப்பட்டையில் குறுக்காக வெல்டிங் வைக்கக் கூடாது. அந்தக் கோட்டிலேயே ஃபிரேம் முறியும். செங்குத்துப் பக்கத்தில் தகடு வைத்து, கிரேடு 8 அரை அங்குல போல்ட்டால் முடுக்குவது மேல். ரிசீவருக்குள் தட்டின் தண்டு லொடலொடவென்று ஆடாமல் இருக்க ஒரு கிளாம்ப்பும் வேண்டும். இத்தனை செய்தாலும் முதலில் சொன்ன 70 கிலோ கணக்கு மாறாது.

ஒற்றைச் சக்கர வண்டி அந்தக் கணக்கைத் தீர்க்கிறது. இரண்டு ஊசிகளில் மாட்டியிருப்பதால் மேலும் கீழும் மட்டும் அசையும். பாரத்தின் பெரும்பகுதி சக்கரத்தில் இறங்கிவிடும். ஆனால் எந்தப் பக்கமும் திரும்பும் சக்கரம் பக்கவாட்டு விசையைத் தாங்காது. ஆட்டம் வந்தால் அந்த எடை முழுவதும் டிரெய்லரின் வாலில்தான் தொங்கும். 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள சின்ன டயர் 100 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 1,300 முறை சுழலும். பேரிங்கில் கிரீஸ் குறைந்தால் வெகுசீக்கிரம் சூடேறும். சுழல் அச்சில் போதிய உராய்வு இல்லாவிட்டால் சக்கரம் படபடவென்று நடுங்கும். ரிவர்ஸ் எடுக்கும்போது அது முழுவட்டம் திரும்ப இடம் விட்டிருக்கிறதா என்பதையும் செய்யும்போதே பார்க்க வேண்டும்.

இரண்டாவது டிரெய்லரைக் கோப்பது வேறு கதை. முன் வண்டியின் சிறு அசைவு ஒவ்வொரு இணைப்பிலும் பெருகிக் கடைசி வண்டியில் பெரிதாகும். சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் 21715 ஆம் பிரிவுப்படி பயணிகள் கார் ஒரே ஒரு வண்டியைத்தான் இழுக்கலாம். மிச்சிகனில் ஓட்டுநர் உரிமத்தில் தனி அனுமதி பெற்றால் பிக்கப்பில் இரண்டு இழுக்கலாம். முதல் டிரெய்லர், பிக்கப்பின் தொட்டிக்குள் இணைப்பு பொருந்தும் ஐந்தாம் சக்கர வகையாக இருக்க வேண்டும். ஒற்றைச் சக்கர வண்டியைத் தனி வாகனம் என்பதா, டிரெய்லரின் நீட்சி என்பதா என்பதில் மாநிலங்கள் ஒன்றுபடவில்லை. போகும் வழியிலுள்ள ஒவ்வொரு மாநிலத்திலும் எழுத்தில் கேட்டு வாங்கி வண்டியில் வைத்திருப்பது நல்லது.

தட்டும் சாமானும் பின்விளக்கையோ நம்பர் பிளேட்டையோ மறைத்தால் அவற்றைத் தட்டின் பின்முனையில் மறுபடி பொருத்தியாக வேண்டும். பழுப்பு ஒயர் பின்விளக்குக்கு, மஞ்சள் இடப்பக்கத்துக்கு, பச்சை வலப்பக்கத்துக்கு, வெள்ளை எர்த்துக்கு. எர்த்தை இரும்பின் வழியே விடாமல் வெள்ளை ஒயரைத் தனியாக இழுங்கள். பெயின்ட்டும் துருவும் சேர்ந்த இணைப்பில் விளக்கு மங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கிளம்பும் முன் பந்தின் பாரத்தை வீட்டுத் தராசிலேயே அளந்துவிடலாம். உறுதியான மரச்சட்டத்தின் ஒரு முனையை இரும்புக் குழாய்மேலும், 90 சென்டிமீட்டர் தள்ளி மறுமுனையை ஆள் எடை பார்க்கும் தராசின்மேலும் வையுங்கள். வெறும் சட்டத்தோடு முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, டிரெய்லரின் மூக்கைக் குழாயிலிருந்து 30 சென்டிமீட்டரில் இறக்குங்கள். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, மூக்கு இழுக்கும்போது உள்ள உயரத்தில் மட்டமாக நிற்க வேண்டும். தராசு காட்டுவதை 3 ஆல் பெருக்கினால் பந்தின் பாரம். தட்டில் எல்லாச் சாமானும் ஏற்றிய பிறகு அளக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டி நிறைந்தும் காலியாகவும் இரண்டு முறை. 10 சதவீதத்துக்குக் கீழே வந்தால் முதலில் இறங்க வேண்டியது ஜெனரேட்டரும் பெட்ரோல் கேனும். பின்னால் வந்து ஒரு கார் மோதினால் முதலில் நசுங்குவதும் அவைதான். முதல் 80 கிலோமீட்டரில் ஓரங்கட்டி, போல்ட்டுகளை மறுபடி முடுக்கி, வெல்டிங் ஓரங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் மயிரிழைக் கோடாகத் துரு கசிந்திருந்தால் அது விரிசல். சாமானை அங்கேயே இறக்கிவிட வேண்டும்.