கடத்துதல்: செடிக்குள் நடப்பது போக்குவரத்து அன்று

'தாவரங்களில் போக்குவரத்து' என்ற தலைப்பை இணையத்தில் மறுபடியும் பார்க்க நேர்ந்தது. ஒரு காணொளிப் பாடம். உள்ளே போனால் 'செயலில் போக்குவரத்து', 'செயலற்ற போக்குவரத்து', 'ஆக்ஸிஜன் போக்குவரத்து', 'போக்குவரத்துப் புரதங்கள்' என்று வரிசையாக வருகின்றன. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை தேர்வுக்கு முன்னால் தேடும்போது இவைதாம் முதலில் கண்ணில் படுகின்றன. சின்னப் பிழைதானே என்று இதை விட்டுவிட என்னால் முடியவில்லை. உயிரியலில் நெடுங்காலம் போராடித் தெளிவுபடுத்திய ஒரு செய்தியை இந்த ஒற்றைச் சொல் மறுபடியும் குழப்பிவிடுகிறது.

முதலில் சொற்களின் பிறப்பு. இங்கெல்லாம் 'போக்குவரத்து' என்று பெயர்க்கப்படும் ஆங்கிலத்து 'டிரான்ஸ்போர்ட்' இலத்தீனிலிருந்து வந்தது. 'டிரான்ஸ்' என்றால் அப்பால். 'போர்ட்டாரே' என்றால் சுமத்தல். இங்குள்ளதை அங்கே சேர்ப்பது என்பதோடு பொருள் முடிந்துவிடுகிறது. திரும்பி வருவதைப் பற்றி அச்சொல்லில் ஒன்றுமில்லை. தமிழில் 'கட' என்பது தானே கடப்பது; 'கடத்து' என்பது இன்னொன்றைக் கடக்கச் செய்வது. நட, நடத்து, கிட, கிடத்து, கட, கடத்து. மூன்றும் ஒரே இலக்கணத்தில் அமைந்தவை. ஆக, இலத்தீன் சொல் எதைச் சொல்கிறதோ அதைத்தான் 'கடத்துதல்' சொல்கிறது.

'போக்குவரத்து' வேறு வகைச் சொல். போக்கும் உண்டு, வரத்தும் உண்டு. கண்மாய்க்கு நீர் வரத்து, சந்தைக்குக் காய்கறி வரத்து என்கிறோமே, அந்த வரத்துதான். 'அந்த வீட்டோடு எங்களுக்குப் போக்குவரத்து இல்லை' என்று ஊரில் சொல்வார்கள். நாங்கள் போவதில்லை, அவர்களும் வருவதில்லை என்று பொருள். இரு திசையும் இல்லாவிட்டால் இந்தச் சொல்லுக்கு உயிரில்லை.

பிறகு இது உயிரியலுக்குள் எப்படி நுழைந்தது? காரணம் அலுவலகத் தமிழ். ஆங்கிலத்தில் 'டிராஃபிக்' வேறு, 'டிரான்ஸ்போர்ட்' வேறு. நம் நிர்வாகத் தமிழ் இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டது: சாலைச் சந்திப்பில் நிற்பவர் போக்குவரத்துக் காவலர், பேருந்தை ஓட்டுவது போக்குவரத்துக் கழகம். பேருந்துக்கு அது பொருந்தும். காலையில் போன வண்டி மாலையில் திரும்பி வருகிறது. அங்கே நிலைத்துவிட்ட சொல் அகராதியில் 'டிரான்ஸ்போர்ட்' என்பதற்கு முதல் பொருளாக ஏறியது. மொழிபெயர்ப்பவர் முதல் பொருளை எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். மொழிபெயர்ப்பு மென்பொருளும் அதையே செய்கிறது. இரண்டு பேரும் செடியைப் பார்க்கவில்லை.

செடியைப் பார்ப்போம். வேர்த்தூவி உறிஞ்சிய நீர், நீரைக் கடத்தும் திசுவான சைலம் வழியாக மேலே ஏறுகிறது. சைலக் குழாய்களின் செல்கள் இறந்தவை; உள்ளே உயிர்ப்பொருள் இல்லாத வெற்றுக் குழல்கள். இலைத்துளைகளில் நீர் ஆவியாக, அந்த இழுவிசையால் நீர்த்தம்பம் முழுவதும் மேலே வருகிறது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றியிருப்பதால் அது அறுவதில்லை. 1894-இல் டிக்சனும் ஜோலியும் முன்வைத்த இந்த விளக்கம்தான் 115 மீட்டருக்கும் உயரமான கலிபோர்னியச் செம்மரங்களின் உச்சிக்கும் நீர் போவதை இன்றும் விளக்குகிறது. இந்த நீரில் 95 விழுக்காட்டுக்கும் மேல் ஆவியாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. திரும்பி வேருக்கு இறங்குவதில்லை. இங்கே போக்கு இருக்கிறது. வரத்து எங்கே இருக்கிறது?

உணவைக் கடத்தும் திசுவான ஃபுளோயத்தைக் காட்டி எதிர்வாதம் செய்வார்கள் என்று தெரியும். அங்கே சர்க்கரை மேலும் போகிறது, கீழும் போகிறது; பாடநூலே 'இருதிசை' என்கிறது; ஆகவே போக்குவரத்து சரிதான் என்பார்கள். சரியில்லை. உணவை ஆக்கும் இடத்திலிருந்து தேவைப்படும் இடத்துக்கு ஃபுளோயத்தில் சுக்ரோஸ் என்ற சர்க்கரை நகர்கிறது. முதிர்ந்த இலையிலிருந்து கிழங்குக்கு இறங்கலாம். பருவம் மாறிக் கிழங்கு முளைக்கும்போது அங்கிருந்து குருத்துக்கு ஏறலாம். ஆனால் ஃபுளோயத்தில் சாறு ஓடும் குழலான ஒரு சல்லடைக் குழாயில் ஒரு நேரத்தில் ஓட்டம் ஒரு திசையில்தான். 1930-இல் எர்ன்ஸ்ட் முன்ச் சொன்ன அழுத்த ஓட்டக் கொள்கையின் அடிப்படையே அதுதான்: சர்க்கரை ஏறிய முனையில் நீர் புகுந்து அழுத்தம் கூடுகிறது, சர்க்கரை இறங்கிய முனையில் அழுத்தம் குறைகிறது, கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குச் சாறு ஓடுகிறது. ஒரே குழலில் எதிரெதிராக ஓட இதில் வழியே இல்லை. 'போக்குவரத்து' என்று கேட்ட பிள்ளை, ஒரே குழலில் சர்க்கரை போவதும் வருவதுமாக இருக்கிறது என்றுதான் எண்ணும். அப்படி எண்ணியபின் அழுத்த ஓட்டம் புரியாது.

விலங்குக்கு வந்தால் பிழை இன்னும் பெரிது. பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் காலத்திலிருந்து ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு மேல் ஐரோப்பிய மருத்துவம் நம்பியது என்ன? கல்லீரலில் இரத்தம் உண்டாகிறது, சிரைகள் வழியே உறுப்புகளுக்குப் போகிறது, அங்கே செலவாகிவிடுகிறது. குழாய்க்குள் அது முன்னும் பின்னுமாக அசைகிறது என்பதுதான். 1628-இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி அதைக் கணக்குப் போட்டு உடைத்தார். ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் அளவைத் துடிப்புகளால் பெருக்கினால், அரை மணி நேரத்தில் உடலில் உள்ள மொத்த இரத்தத்தையும் அது மிஞ்சிவிடுகிறது. அவ்வளவு இரத்தத்தைக் கல்லீரல் புதிதாக ஆக்கவே முடியாது. சிரைகளில் உள்ள வால்வுகளோ இதயத்தை நோக்கி மட்டுமே திறக்கின்றன. ஆக, இரத்தம் முன்னும் பின்னும் அசையவில்லை, வட்டமாகச் சுற்றுகிறது. தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களான தந்துகிகளை ஹார்வி கண்ணால் பார்க்கவில்லை. அவர் இறந்து நான்கு ஆண்டுக்குப் பின், 1661-இல், தவளையின் நுரையீரலில் மால்பிஜி அவற்றை நுண்ணோக்கியில் கண்டார்.

இப்போது 'இரத்தப் போக்குவரத்து' என்று எழுதினால் அது ஹார்விக்கு முந்திய கருத்தைத்தான் சொல்கிறது. 'சுற்றோட்டம்' என்ற சொல் ஹார்வியின் கண்டுபிடிப்பை இரண்டு வேரில் அடக்கி வைத்திருக்கிறது: சுற்று, ஓட்டம். இதைவிடத் துல்லியமாக ஒரு கலைச்சொல் அமைவது அரிது. இலங்கைப் பாடநூல்கள் 'குருதிச் சுற்றோட்டம்' என்று நெடுங்காலமாகவே எழுதிவருகின்றன.

ஹார்விக்குப் பிறகு செடியிலும் இரத்தத்தைப் போலச் சாறு சுற்றி வருகிறதா என்று தேடிய காலம் ஒன்று இருந்தது. ஸ்டீபன் ஹேல்ஸ் சூரியகாந்திச் செடி எவ்வளவு நீரை இழுக்கிறது, எவ்வளவு ஆவியாகிறது என்று அளந்து, 1727-இல் வெளியிட்ட ஆய்வில் சாறு சுற்றி வருவதில்லை என்ற முடிவுக்கு வந்தார். விலங்கில் சுற்றோட்டம், செடியில் ஒருவழிக் கடத்தல் என்ற வேறுபாடு அப்படி உழைத்துப் பெற்றது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் அப்பாடத்தின் தலைப்பு 'தாவரங்களின் கடத்துதல் மற்றும் விலங்குகளின் சுற்றோட்டம்'. யார் வைத்தாரோ, அறிந்து வைத்திருக்கிறார். கையில் சரியான சொல் அச்சாகியிருக்க, அதே பாடத்துக்குக் காணொளி செய்கிறவர் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் போக்குவரத்தைக் கொண்டுவருவதுதான் எனக்கு ஆறவில்லை.

இலக்கணத்திலும் அச்சொல் நொண்டுகிறது. கலைச்சொல் என்றால் அதிலிருந்து குடும்பம் கிளைக்க வேண்டும். 'கடத்து' என்று வினை இருக்கிறது: சைலம் நீரைக் கடத்துகிறது. கடத்தும் திசு, கடத்தி, கடத்துதிறன், கடத்தப்பட்ட சர்க்கரை, எல்லாம் தாமாகவே வருகின்றன. போக்குவரத்துக்கு வினை கிடையாது. 'சைலம் நீரைப் போக்குவரத்து செய்கிறது' என்று எழுத நேர்கிறது, எழுதியும் இருக்கிறார்கள். வினை பிறக்காத சொல்லை ஒரு செயலுக்குப் பெயராக வைத்தால் வாக்கியந்தோறும் 'செய்' என்ற ஊன்றுகோல் வேண்டியிருக்கும்.

'செயலற்ற போக்குவரத்து' பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். செல் ஆற்றலைச் செலவிடாமல், செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பொருள் தானே நகர்வதைத்தான் இப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். தமிழில் 'செயலற்ற' என்றால் இயங்காமல் நின்றுபோன என்று பொருள். நுரையீரலின் காற்றறையிலிருந்து இரத்தத்துக்கு ஆக்ஸிஜன் வாழ்நாள் முழுவதும் ஓயாமல் பரவுவது இந்த வழியில்தான். அதற்கா இப்படி ஒரு பெயர்? 'ஆற்றல் செலவின்றிக் கடத்துதல்' என்று நீட்டிச் சொன்னாலும் குற்றமில்லை. ஆற்றலைச் செலவிட்டு நடக்கும் இன்னொன்றைச் 'செயல்மிகு கடத்துதல்' என்பது பாடநூல் வழக்கு. செல் சவ்வில் உள்ள சோடியம்-பொட்டாசியம் எக்கி ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கிறது, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழிக்கிறது. உள்ளும் வெளியுமாக நடப்பதால் இது போக்குவரத்தாகிவிடாது. போவது ஒன்று, வருவது வேறொன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரே திசை.

'கடத்தல்' வேண்டாம் என்பவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: தங்கக் கடத்தல், ஆள் கடத்தல், மணல் கடத்தல். நாளிதழ் அச்சொல்லைக் கெடுத்துவிட்டது, பிள்ளைகள் வகுப்பில் சிரிக்கிறார்கள் என்கிறார்கள். ஒரு நாள் சிரிக்கட்டும். எல்லையைத் தாண்டிப் பொருளைச் சேர்ப்பது என்ற மூலப்பொருளிலிருந்துதான் அந்தக் குற்றப்பொருளும் வந்தது. 'காலம் கடத்தினான்' என்றால் யாரும் காவல்துறையை நினைப்பதில்லை. மின்கடத்தி, வெப்பக்கடத்தல் என்று இயற்பியல் பாடத்தில் பிள்ளைகள் தயங்காமல் எழுதுகிறார்கள். அங்கே உறுத்தாதது உயிரியலில் மட்டும் ஏன் உறுத்த வேண்டும்? அப்படியும் கூச்சமிருந்தால் 'கடத்துதல்', 'கடத்துகை' என்ற வடிவங்கள் இருக்கின்றன. குற்றச்செய்தியில் அவை வருவதேயில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. வெப்பக்கடத்தலில் மூலக்கூறுகள் இடம்பெயர்வதில்லை, ஆற்றல் மட்டுமே கைமாறுகிறது. சைலத்திலோ நீரே நகர்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் தகுமா? எது கடத்தப்படுகிறது என்பதை முன்னால் சேர்த்துவிட்டால் தகும். நீர் கடத்தல், உணவு கடத்தல், வெப்பக்கடத்தல், தூண்டல் கடத்தல். வெறுமனே 'கடத்தல்' என்று நிறுத்துவதுதான் மயக்கத்துக்கு இடம் தருகிறது.

'கொண்டுசெல்லல்' என்பதை நான் மறுக்கமாட்டேன். நல்ல தமிழ்; இரத்தத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. இரத்தச் சிவப்பணுவில் உள்ள ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறு நான்கு ஆக்ஸிஜன் மூலக்கூறுகளை ஏற்றிக் கொண்டுசெல்கிறது என்று தயங்காமல் எழுதலாம், அங்கே சுமக்கும் ஒன்று இருக்கிறது. சைலத்தில் நீரைச் சுமப்பவர் யாருமில்லை, நீர் இழுபட்டுப் போகிறது. ஆகவே பொதுச்சொல்லாக அதை வைக்க முடியாது. ஃபுளோயத்தில் சர்க்கரை நகர்வதற்கு 'இடப்பெயர்ச்சி' என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. அச்சொல்லை இயற்பியல் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. ஒரே மாணவர் ஒரே ஆண்டில் ஒரே சொல்லை இரண்டு பாடத்தில் இரண்டு பொருளில் எழுதவேண்டியிருக்கும். 'உணவு கடத்தல்' போதும்.

மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்கு இருக்கும் மனக்குறை அவர்கள் வடசொல்லோ ஆங்கிலமோ கலக்கிறார்கள் என்பதன்று. தமனி, சிரை, தந்துகி எல்லாம் வடமொழி வழி வந்தவை. சைலமும் ஃபுளோயமும் கிரேக்கம். அவை வழங்கிவிட்டன, பொருள் மயங்குவதில்லை, இருக்கட்டும். இலங்கையில் சைலத்தைக் 'காழ்' என்றும் ஃபுளோயத்தை 'உரியம்' என்றும் சொல்வது எனக்கு மிகவும் பிடிக்கும். உள்ளே காழ், அதாவது வைரம் பாய்ந்த பகுதி, உடையது மரம், புறத்தே காழ் உடையது புல் என்று தொல்காப்பிய மரபியல் பிரித்த சொல் அது. ஆனால் அதை எல்லாரும் நாளையே எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்பது ஒன்றுதான்: தமிழ்ச் சொல்லாகவே இருந்தாலும், பொருளைப் பொய்யாக்கும் சொல்லை எழுதாதீர்கள். 'போக்குவரத்து' தூய தமிழ். ஆயினும் இந்த இடத்தில் அது சைலம் என்ற கிரேக்கச் சொல்லைவிட அதிகக் கேடு செய்கிறது. சைலம் ஒன்றும் சொல்லாமல் நிற்கிறது. போக்குவரத்து தவறாகச் சொல்லிக்கொடுக்கிறது.

பாடக் காணொளி செய்பவர்கள், இணையக் கட்டுரைகளைத் தமிழாக்குபவர்கள் மென்பொருள் தந்த வரைவில் 'போக்குவரத்து' வரும் இடங்களை மட்டும் ஒருமுறை தேடிப் பாருங்கள். செடி என்றால் 'கடத்துதல்' என்றும், இரத்தத்தின் ஓட்டம் என்றால் 'சுற்றோட்டம்' என்றும், சவ்வு வழியாக என்றால் 'சவ்வின் ஊடே கடத்துதல்' என்றும், 'போக்குவரத்துப் புரதம்' என்றிருந்தால் 'கடத்துப்புரதம்' என்றும் மாற்றுங்கள். அரைமணி நேர வேலைதான்.