கை பெருக்கவே இல்ல, ஆனா பலம் கூடிடுச்சே, எப்படி?

ஒரு அம்மா எனக்கு எழுதி கேட்டிருந்தாங்க. "பையனுக்கு 11 வயசு. கோச்சிங் சேர்ந்து ரெண்டு மாசம் ஆகுது. முத நாள் ஒரு புஷ்அப் கூட எடுக்க முடியாம குப்புற விழுந்தான், இப்ப மூச்சு விடாம 12 எடுக்கறான். ஆனா கை அதே குச்சிக் கைதான், டேப் வெச்சு அளந்தேன், ஒரு நூல் கூட ஏறல. அப்ப பலம் எங்கருந்து வந்துச்சு? இன்னொண்ணு, வெயிட் தூக்குனா புள்ள வளராதுன்னு வீட்டுப் பெரியவங்க பயப்படறாங்க, அது உண்மையா?"

டேப் எடுத்து அளந்து பாத்தாங்க பாருங்க, அதுக்கே அவங்களுக்கு ஒரு சபாஷ். அவங்க அளந்தது சரிதான். தசை நல்லா பெருக்க டெஸ்டோஸ்டிரோன் மாதிரி ஹார்மோன்கள் வேணும், அது வயசுக்கு வர்ற சமயத்துலதான் ஏறும், அதனால 11 வயசுப் பையனுக்கு கை பெருசா பருக்காது. பலம் கூடுனது தசையில இல்ல, நரம்புல.

தசைங்கறது ஆயிரக்கணக்கான இழை சேர்ந்த கட்டு. இழை தானா சுருங்காது, முதுகுத்தண்டுக்குள்ளயோ மூளையோட அடித்தண்டுலயோ இருக்கற மோட்டார் நியூரான், அதாவது தசையை ஆட்டி வைக்கற நரம்பு செல், சொன்னாத்தான் சுருங்கும். ஒரு நியூரானும் அதுக்குக் கட்டுப்பட்ட இழைகளும் சேர்ந்ததுதான் ஒரு மோட்டார் யூனிட். கண்ணைத் திருப்பற தசையில ஒரு நியூரானுக்கு பத்து இழை மாதிரிதான் இருக்கும், கெண்டைக்கால் தசையில ஒரே நியூரான் ஆயிரத்துக்கு மேல இழைகளை இழுக்கும். நியூரான் ஆர்டர் போட்டா அதோட இழை எல்லாமே சுருங்கணும், பாதி சுருங்கறதெல்லாம் கிடையாது.

சரி, அப்ப ஒரு பேனாவை எடுக்கறப்ப எந்த யூனிட் வரணும், முழு வேகத்துல ஓடறப்ப எது வரணும்னு யார் முடிவு பண்றது? யாரும் இல்ல! எனக்கு இந்த இடத்தைப் படிக்கறப்பல்லாம் புல்லரிக்கும். எல்வுட் ஹென்னமன்னு ஒருத்தர் 1957ல இதைக் காட்டினார், சின்ன நியூரான் முதல்ல வரும், பெருசு கடைசியில வரும், வரிசை பெரும்பாலும் மாறாது. காரணம் நாம ஸ்கூல்ல படிச்ச அதே ஓம் விதி. செல் சின்னதா இருந்தா அதோட மேல்தோல்ல கரண்ட் கசியற வழி கம்மி, அதாவது மின்தடை அதிகம், அதனால கொஞ்சம் கரண்ட் வந்தாலே வோல்டேஜ் சட்டுனு ஏறி, நியூரான் ஆர்டர் போடற எல்லையைத் தாண்டிடும். பெரிய செல்லுக்கு கசியற வழி நிறைய, அதே கரண்ட் அதுக்குப் பத்தாது. ஒரு டம்ளர் தண்ணிய சொம்புல ஊத்துனா மட்டம் மளமளன்னு ஏறுது, அண்டாவுல ஊத்துனா அடியத்தான் நனைக்குது, அந்த மாதிரி. மூளை அதிகமா கரண்ட் அனுப்ப அனுப்ப ஒவ்வொண்ணா பெரிய யூனிட்டுங்க எழுந்து வரும். சின்ன யூனிட் நுணுக்கமானது, சீக்கிரம் களைக்காது. பெருசு முரட்டுப் பலம், ஆனா சீக்கிரம் சோர்ந்துடும். எழுதறப்ப நுணுக்கமும் தாவறப்ப முரட்டுத்தனமும் தானா கிடைக்குது, எந்தக் கணக்குப்பிள்ளையும் இல்லாமலே.

இப்ப பையன் கிட்ட வருவோம். சின்னப் பசங்க முழு மூச்சா தள்ளுனாக்கூட அந்தக் கடைசி வரிசைப் பெரிய யூனிட்டுங்கள்ல கொஞ்சம் தூங்கிட்டுதான் இருக்கும். எப்படித் தெரியும்னா, ஆள் முழு பலத்தோட தள்ளிட்டு இருக்கறப்பவே நரம்புக்கு வெளியிலருந்து ஒரு குட்டி மின்துடிப்பு குடுப்பாங்க, அப்பவும் பலம் துள்ளி ஏறுச்சுன்னா உள்ள சும்மா இருந்த யூனிட் இருக்குன்னு அர்த்தம். பெரியவங்களை விட பசங்களுக்கு பொதுவா இந்தத் துள்ளல் அதிகம். வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் பயிற்சி பண்ணப் பண்ண, மூளையிலருந்து வர்ற உந்துதல் கூடி தூங்கறதுங்க எழுந்துக்குது, எதிர்ப்பக்கத் தசை வீணா மல்லுக்கட்டறதும் குறையுது.

இது நரம்போட வேலைங்கறதுக்குப் பழைய சாட்சியும் ஒண்ணு இருக்கு. 1894ல அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல எட்வர்ட் ஸ்கிரிப்சர்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி குடுத்துப் பாத்தார், பயிற்சியே பண்ணாத இன்னொரு கையும் பலமாயிருந்துச்சு. சும்மா இருந்த தசை எப்படி வளரும் சொல்லுங்க?

இதைக் கண்ணாலயே பாக்கலாம். பசங்களை முழங்கால் உயரப் பெட்டி மேலருந்து குதிக்கச் சொல்லுங்க. முத வாரம் தட்டுனு சத்தமா விழுவாங்க, முட்டி ரெண்டும் உள்பக்கம் மடங்கும், கை எங்கயோ போகும். ஆறு வாரம் ஒழுங்கா சொல்லிக் குடுத்தப்புறம் அதே பெட்டியிலருந்து பூனை மாதிரி இறங்குவாங்க, சத்தமே கேக்காது. கால் தரையத் தொடறதுக்கு முன்னாடியே நரம்பு தசையை எழுப்பி வெச்சிடுது. அந்த சத்தம் குறையறதை நான் நின்னு கேட்டிருக்கேன், அதை விட நல்ல ரிப்போர்ட் கார்டு எனக்குத் தெரியல.

ரெண்டாவது கேள்விக்கு, வளராதுங்கற பயம் தேவையில்ல. எலும்பு நுனிக்குப் பக்கத்துல வளர்ச்சித் தட்டுன்னு குருத்தெலும்பு இருக்கு, அது எலும்பை விட மெத்துனு இருக்கறதாலதான் இந்த பயமே வந்துச்சு. ஆனா ஆள் பக்கத்துல இருந்து, சரியான முறையில, தாங்கற எடையில பண்ணுனா உயரம் குறையறதுக்கு ஆதாரம் இல்ல, அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பும் இதைத்தான் சொல்லுது. அடிபடறது பெரும்பாலும் யாரும் பாக்காதப்ப, எக்கச்சக்க எடையை தப்பா தூக்கறப்பதான். 'வளராது'ன்னு சொல்லி பொம்பளப் புள்ளைங்களை மைதானத்துப் பக்கமே விடாத வீடுங்களை நினைச்சா எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கு.

உண்மையில கவனிக்க வேண்டியது வேற. திடீர்னு உயரம் போடற அந்த வருஷத்துல, பையன்னா சுமார் 14, பொண்ணுன்னா சுமார் 12 வயசுல, எலும்பு முந்திக்கும், தசையும் நரம்பும் பின்னால ஓடிவரும். தொடைத்தசை முட்டிக்குக் கீழ இருக்கற வளர்ற எலும்பைத் திரும்பத் திரும்ப இழுத்து அங்க வலியும் புடைப்பும் வரும். 1903லயே ஆஸ்குட், ஷ்லாட்டர்னு ரெண்டு டாக்டருங்க தனித்தனியா எழுதி வெச்சது இது. கால் நீளம் மாறிட்டதால நேத்து சரியா ஓடுன புள்ள இன்னிக்கு தடுமாறும், அதைப் போய் சோம்பேறின்னு திட்டற கோச்சுங்க இருக்காங்க, தயவு செஞ்சு திட்டாதீங்க. பதக்கம் வாங்கற வயசுக்காரங்களை ஆராயத்தான் பணம் கொட்டுது, வளர்ற பசங்களுக்குக் குறைவாத்தான் வருது. தசையை வெட்டி எடுக்காமலே அல்ட்ராசவுண்ட்லயும் தோல் மேல ஒட்டற எலக்ட்ரோட்லயும் இவ்வளவு பாக்க முடியறப்ப, இதுக்குப் பணம் ஒதுக்கியே ஆகணும்னு நான் அடிச்சு சொல்வேன்.

அந்த டேப்பை உள்ள வெச்சிடாதீங்கம்மா. கையை அளக்க வேணாம், மூணு மாசத்துக்கு ஒருக்கா செருப்பில்லாம சுவத்துல நிக்க வெச்சு உயரத்தை அளந்து தேதியோட கோச் கிட்ட குடுங்க. ரெண்டு அளவுக்கு நடுவுல திடீர்னு எகிறியிருந்தா, கொஞ்ச நாளைக்கு குதிக்கறதையும் ஓட்டத்தையும் குறைச்சு, இறங்கற முறையை மறுபடி முதல்லருந்து சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க.